குறும்படத்தைத் தேசிய விருதுக்கு அனுப்புவது எப்படி: ஆடு காணாமல் போன கதையும் சேர்த்து

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் நாங்கள் எடுத்த குறும்படம் 2022 ஆகஸ்டில் முடிந்தது. 25 நிமிடப் படம். தேசிய விருதுக்கு அனுப்பலாம் என்று டீக்கடையில் வைத்து ஐந்து நிமிடத்தில் முடிவு செய்தோம். அனுப்பி, முடிவு தெரிய மூன்று வருஷம் ஆனது. விருது கிடைக்கவில்லை, அதில் வருத்தமும் இல்லை. ஆனால் அந்த மூன்று வருஷத்தில் ஒரு வருஷம் முழுக்க என் கவனக்குறைவால் வீணானது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

படம் நன்றாக வருவது உங்கள் பாடு, அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. காகிதம் நன்றாக வர என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. உங்கள் படம் இதற்குப் பொருந்துமா?

தேசியத் திரைப்பட விருதுகளை மத்திய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தருகிறது. நடத்துகிற வேலை இப்போது என்எஃப்டிசி கையில், அதாவது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம். முன்பு திரைப்பட விழாக்கள் இயக்ககம் நடத்தியது, 2022இல் அதை என்எஃப்டிசியோடு இணைத்துவிட்டார்கள். இதைச் சொல்லக் காரணம், இணையத்தில் தேடினால் இன்றும் பழைய இயக்ககத்தின் விண்ணப்பப் படிவமும் டெல்லி சிரி ஃபோர்ட் முகவரியும்தான் முதலில் வந்து நிற்கும். நான் அந்தப் பழைய படிவத்தை அச்செடுத்து, இரண்டு நாள் உட்கார்ந்து நிரப்பி, கிழித்துப் போட்டேன்.

குறும்படம், ஆவணப்படம், அனிமேஷன் எல்லாம் கதைப்படம் அல்லாத பிரிவில் வரும். அந்தப் பிரிவுக்குள் சிறந்த குறும்படம் என்று தனி விருது உண்டு, 30 நிமிடம் வரைதான். உங்கள் படம் 31 நிமிடம் ஓடினால், டைட்டிலையாவது சுருக்க முடியுமா என்று எடிட்டரிடம் இன்றே பேசுங்கள். குறும்பட விருது தவிர அறிமுக இயக்குநர், ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலி, இசை, திரைக்கதை என்று தனித்தனி விருதுகளும் இருக்கின்றன. எனவே 'நம்ம கதை சுமார்தான்' என்று அனுப்பாமல் விட்டுவிட வேண்டாம், உங்கள் ஒளிப்பதிவாளருக்குக் கிடைக்க வேண்டியதை நீங்கள் தடுத்தது போல் ஆகிவிடும். 71வது விருதுகளில் 'லிட்டில் விங்ஸ்' என்ற தமிழ்ப் படத்துக்கு இந்தப் பிரிவில் ஒளிப்பதிவுக்குத்தான் விருது வந்தது.

டிவி தொடரோ வெப் சீரிஸோ எடுத்திருப்பவர்களுக்கு இங்கே இடமில்லை. வெப் சீரிஸுக்கு கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் 2023 முதல் தனி விருது இருக்கிறது. சின்னத்திரைக்கு என்றால் தமிழ்நாடு அரசின் விருதுகளைத்தான் பார்க்க வேண்டும், அதில் சின்னத்திரைக்கென்றே விருதுகள் உண்டு. ஆனால் அதற்குப் பொறுமையும் வேண்டும். 2009 முதல் 2014 வரையிலான படங்களுக்கான மாநில அரசு விருதுகளை 2022 செப்டம்பர் 4 அன்றுதான் கலைவாணர் அரங்கில் கொடுத்தார்கள்.

2. சான்றிதழில் என்ன தேதி?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எந்த வருஷத்து விருதுக்கு உங்கள் படம் போகும் என்பதை ஷூட்டிங் முடிந்த தேதி தீர்மானிப்பதில்லை. முதல் திரையிடல் தேதியும் இல்லை, யூடியூபில் ஏற்றிய தேதியும் இல்லை. மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியம், நாம் சென்சார் என்று சொல்கிறோமே, அது கொடுக்கும் சான்றிதழில் என்ன தேதி போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை ஒரு வருஷம்.

நான் 2022 நவம்பர் கடைசியில் சென்சாருக்கு விண்ணப்பித்தேன். டிசம்பருக்குள் கிடைத்துவிடும், 2022 கணக்கில் போய்விடலாம் என்று நினைப்பு. சான்றிதழில் இருந்த தேதி 2023 ஜனவரி 3. மூன்று நாள். அந்த மூன்று நாளுக்கு என்ன விலை தெரியுமா? 2022இல் சான்றிதழ் வாங்கிய படங்களுக்கான 70வது விருதுகளை 2024 ஆகஸ்ட் 16 அன்று அறிவித்தார்கள். 2023 படங்களுக்கான 71வது விருதுகளை 2025 ஆகஸ்ட் 1 அன்று அறிவித்தார்கள். மூன்று நாள் தள்ளிப்போனதில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் கூடுதலாகக் காத்திருந்தேன்.

ஆகவே செப்டம்பருக்குள் விண்ணப்பியுங்கள். அக்டோபர் தாண்டிவிட்டால் அவசரப்பட்டு டிசம்பரைத் துரத்த வேண்டாம். இன்னும் கொஞ்சம் மெருகேற்றி அடுத்த ஜனவரியில் நிதானமாக வாங்கிக்கொள்ளலாம். முன்னுரிமையில் பார்க்கச் சொல்லிக் கூடுதல் கட்டணம் கட்டும் வழியும் விதிகளில் இருக்கிறது. ஆனால் உங்கள் காகிதத்தில் ஓட்டை இருந்தால் எந்த முன்னுரிமையும் காப்பாற்றாது. என் காகிதத்தில் இருந்த ஓட்டை ஆடு நுழைகிற அளவு.

3. ஷூட்டிங்குக்கு முன்பே பார்க்க வேண்டிய இரண்டு: ஆடும் பீடியும்

எங்கள் படத்தில் ஒரு ஆச்சி வாசலில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருப்பார். பக்கத்தில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி வந்து கொட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, ஆச்சியின் சேலைத் தலைப்பை இழுக்கும். நாங்கள் சொல்லிக்கொடுத்து வந்த ஆடு இல்லை, அதுவாக வந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. படத்திலேயே அழகான 11 நொடி அதுதான் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

சென்சார் குழு படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது: விலங்கு வருகிறதே, இந்திய விலங்குகள் நல வாரியத்தின் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, எங்கே?

விலங்கை வைத்துப் படம் எடுப்பதென்றால் ஷூட்டிங்குக்கு முன்பே அந்த வாரியத்திடம் அனுமதி வாங்க வேண்டும். என்ன விலங்கு, எத்தனை, எந்தக் காட்சி, உரிமையாளரின் சம்மதம், கால்நடை மருத்துவரின் சான்று எல்லாம் கொடுத்து அனுமதி வாங்கி, படம் முடிந்தபின் என்ஓசி வாங்க வேண்டும். எடுத்து முடித்தபின் போய் நின்றால் பதில் சொல்வது கஷ்டம். வாரியத்தின் தலைமை அலுவலகம் ஒரு காலத்தில் நம் திருவான்மியூரில்தான் இருந்தது. 2018இல் ஹரியானாவில் உள்ள பல்லப்கருக்குப் போய்விட்டது. நேரில் போய்க் கெஞ்சுகிற வசதியும் போயிற்று.

வேறு வழியில்லாமல் ஆட்டை வெட்டினோம். எடிட்டில்தான். வெட்டிய இடத்தை ஒட்ட எடிட்டர் வேண்டும், அவர் அக்கா கல்யாண வேலையில் ஊரில் இருந்தார். அவர் வந்து, வெட்டி, ஒலியைச் சரிசெய்து, மாற்றிய பகுதியைத் திரும்ப ஏற்றி, அவர்கள் பார்த்து ஒப்புக்கொள்ள ஜனவரி பிறந்துவிட்டது. இப்போதும் படத்தில் ஆச்சி எதையோ பார்த்துச் சிரிப்பார், ஆட்டின் சத்தம் கேட்கும். ஆடுதான் இருக்காது.

கோழி, நாய், மாட்டு வண்டி எதுவானாலும் இதே கதைதான். கிராமத்தில் ஷூட்டிங் வைத்தால் ஃபிரேமுக்குள் ஏதாவது ஒரு ஜீவன் வந்தே தீரும். அதற்கென்றே ஒருவரை நிறுத்தி வையுங்கள். அல்லது ஆடு கட்டாயம் வேண்டும் என்றால் அனுமதியை முதலில் வாங்குங்கள். கிராஃபிக்ஸில் செய்த விலங்கு என்றால் அதையும் வாசகமாகப் போட வேண்டும். விலங்கே இல்லாத படத்துக்கு இல்லை என்று ஒரு உறுதிமொழிக் கடிதம்.

அடுத்தது பீடி. புகையிலை காட்டப்படும் படங்களுக்கு விதி இப்படி: தொடக்கத்திலும் நடுவிலும் தலா 30 நொடி விழிப்புணர்வுப் படம், தலா 20 நொடி ஒலி-ஒளி எச்சரிக்கை, புகையிலை திரையில் தெரிகிற நேரம் முழுக்கக் கீழே எச்சரிக்கை வாசகம். கூட்டிப் பாருங்கள், 100 நொடி. மூன்று மணி நேரப் படத்துக்கு இது ஒன்றுமே இல்லை, ரசிகர்கள் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு வந்து உட்காரும் நேரம். 25 நிமிடக் குறும்படத்தின் நடுவில் 50 நொடி இது வந்தால் படம் அங்கேயே செத்துப்போகும். பற்றவைத்தால்தான் என்று நினைக்காதீர்கள். புகையிலைப் பொருள் கண்ணில் பட்டாலே இந்த விதி வரும், தாத்தா காதில் பீடியைச் செருகியிருந்தாலும் அது புகையிலைதான். இந்த விஷயத்தில் மட்டும் நாங்கள் தப்பித்தோம். எங்கள் தாத்தா வேடக்காரர் அன்றைக்குப் பீடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்.

4. தயாரிப்பாளர் யார் என்று எழுதிவைத்துவிடுங்கள்

குறும்படத்தில் இது பெரும் குழப்பம். கேமரா வாடகையை ஒருவர் கொடுத்திருப்பார், சாப்பாட்டுச் செலவை இன்னொருவர், எடிட்டிங்கை நண்பர் சும்மா செய்து கொடுத்திருப்பார். சான்றிதழில் ஒரு பெயர் ஏறும். அதன்பின் விருது விண்ணப்பம், உறுதிமொழி எல்லாவற்றிலும் அந்தப் பெயர்க்காரர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

எங்களுக்குப் பணம் போட்டது என் தாய்மாமா. மரியாதைக்காக அவர் பெயரில் சென்சாருக்குக் கொடுத்தேன். விருதுக்கு அனுப்பும் நேரத்தில் மாமா தன் மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போயிருந்தார். போனில் கேட்டால், "மாப்ள, காசுதான் அப்பவே குடுத்துட்டேன்ல, இன்னும் எதுக்குடா கையெழுத்து? நீயே போட்டு விடு" என்கிறார். நான் போட்டிருந்தால் அது கள்ளக் கையெழுத்து. கடைசியில் காகிதத்தை அங்கே அனுப்பி, அவர் போட்டு, திரும்ப கூரியரில் வரவழைத்தேன். அந்த 12 நாளும் எனக்குத் தூக்கம் இல்லை.

படம் தொடங்கும் முன்பே ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்: தயாரிப்பாளர் இவர், இயக்குநர் இவர், விருதுகளுக்கும் விழாக்களுக்கும் அனுப்பும் அதிகாரம் இவருக்கு. பணம் போட்டவர் வெளியூரில் இருப்பவர் என்றால் இது கட்டாயம். பின்னால் விருது வந்தாலும் சண்டை வராது. சிறந்த குறும்படம் என்றால் ரஜத் கமலமும் (வெள்ளித் தாமரை) 2 லட்சம் ரூபாயும் தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் தனித்தனியாகப் போகும். 70வது விருதுகளிலிருந்துதான் தொகை இவ்வளவு. ஸ்வர்ண கமலத்துக்கு (தங்கத் தாமரை) 3 லட்சம்.

இன்னொன்று, பெயர்களின் எழுத்து. டைட்டிலில் 'முத்துக்குமார்', சான்றிதழ் விண்ணப்பத்தில் 'எஸ். முத்துக்குமார்', ஆதாரில் 'முத்துகுமார் சண்முகம்' என்று இருந்தால் மூன்று ஆள் ஆகிவிடும். டைட்டில் கார்டு செய்யும்போதே எல்லாரிடமும் ஆதார் நகல் வாங்கி, ஆங்கில எழுத்துக்கூட்டலை அதன்படியே போடுங்கள். கலைஞர்கள் கோபித்துக்கொள்வார்கள், நியூமராலஜி என்பார்கள். பரவாயில்லை, பேசிச் சரிக்கட்டுங்கள்.

5. சென்சார் விண்ணப்பம்

இப்போது எல்லாமே இ-சினிபிரமாண் என்ற இணையதளம் வழியாகத்தான். தமிழ்ப் படத்துக்கு மண்டல அலுவலகம் சென்னை, நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவன். தளத்தில் கணக்குத் தொடங்கும்போது தயாரிப்பாளர் பெயரிலேயே தொடங்குங்கள், அவருடைய மின்னஞ்சலைக் கொடுங்கள், ஆனால் கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும். மாமாவின் மின்னஞ்சலைக் கடைசியாகத் திறந்தது யார் என்று மாமாவுக்கே தெரியாது.

கையில் இருக்க வேண்டியவை: தயாரிப்பாளரின் அடையாள ஆவணங்கள், கதைச்சுருக்கம், முடிந்த படத்தில் உள்ளபடியான முழு உரையாடல், பாட்டு இருந்தால் வரிகள், கலைஞர்கள் பட்டியல், நிமிடம் நொடி வரை சரியான நீளம், விலங்கு பற்றிய கடிதம் அல்லது என்ஓசி, புகையிலை பற்றிய விவரம். படத்தின் பெயரை ஏதாவது ஒரு தயாரிப்பாளர் அமைப்பில் பதிவு செய்த கடிதம் கேட்கப்பட்டால் அதற்கும் தயாராக இருங்கள். கட்டணம் படத்தின் நீளத்தைப் பொறுத்தது, குறும்படத்துக்கு அது பெரிய தொகை இல்லை.

'படத்தில் உள்ளபடி' என்பதை அழுத்திச் சொல்கிறேன். நிறையப் பேர் ஷூட்டிங்குக்கு எழுதிய ஸ்கிரிப்டை அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். டப்பிங்கில் மாறியது, ஸ்பாட்டில் நடிகர் சேர்த்த 'ஏலே', 'என்னத்தச் சொல்ல' எல்லாம் அதில் இருக்காது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, கேட்கிற ஒவ்வொரு வார்த்தையையும் எழுதுங்கள். எனக்கு ஒன்றரை நாள் ஆனது. அந்த உழைப்பு வீண் போகாது, சப்டைட்டிலுக்கும் அதே கோப்புதான்.

குழு பார்த்தபின் வெட்டோ மாற்றமோ சொன்னால், அதைச் செய்து திரும்ப ஏற்றிய பிறகுதான் சான்றிதழ். நான் வாங்கியபோது யு, யு/ஏ, ஏ என்று இருந்தது. 2024இல் வந்த புதிய விதிகளுக்குப் பிறகு யு/ஏவை 7+, 13+, 16+ என்று வயது வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். எந்தச் சான்றிதழ் என்பதால் விருதுக்கு ஒரு பாதகமும் இல்லை. 'ஏ கிடைத்தால் விருது கிடைக்காது' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சான்றிதழ் வந்த பிறகு படத்தில் கை வைக்காதீர்கள். 'இந்த ஒரு ஷாட்டை மட்டும்' என்று எடிட்டர் கேட்பார், இசையமைப்பாளர் புது மிக்ஸ் அனுப்புவார். முடியாது என்று சொல்லுங்கள். சான்றிதழ் பெற்ற படமும் அனுப்பும் படமும் நொடி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும், அந்தச் சான்றிதழும் படத்தின் தொடக்கத்தில் வர வேண்டும்.

6. ஆங்கில சப்டைட்டில்

இது இல்லாமல் அனுப்ப முடியாது. ஜூரியில் உட்கார்ந்திருப்பவர்கள் பல மாநிலத்துக்காரர்கள், உங்கள் கரிசல் பேச்சு அவர்களுக்குச் சப்டைட்டில் வழியாகத்தான் போய்ச் சேரும். ஒளிப்பதிவுக்கு ஒரு லட்சம் செலவழித்துவிட்டு, சப்டைட்டிலை ஓசியில் மொழிபெயர்ப்புச் செயலியிடம் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் முதல் வரைவில் ஆச்சி, "அவன் கெடக்கான்" என்பதற்கு, அவன் படுத்திருக்கிறான் என்ற பொருளில் ஆங்கிலம் வந்திருந்தது. படத்தில் அவன் படுத்திருக்கவில்லை, எதிரே நின்றுகொண்டிருந்தான்.

தமிழும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்த, உங்கள் வட்டார வழக்கைக் கேட்டு வளர்ந்த ஒருவரிடம் கொடுங்கள். முடிந்ததும் தமிழ் தெரியாத ஒருவரை உட்காரவைத்து, ஒலியை அணைத்துப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். அவர் எங்கே முகம் சுளிக்கிறாரோ அங்கே திருத்துங்கள். கடைசியில் சப்டைட்டிலைப் படத்திலேயே பதித்துவிடுங்கள். தனிக் கோப்பாக அனுப்பினால் அங்கே ஓட்டுகிறவர் அதைப் போட மறந்தால் போச்சு.

7. அறிவிப்பு வந்த பிறகு

விண்ணப்பிக்க அழைக்கும் மாதம் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. தினமும் என்எஃப்டிசி தளத்தைப் பார்க்க முடியாது, வாரத்துக்கு ஒரு முறை திங்கட்கிழமை என்று வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்தபின் கிடைப்பது சில வாரம்தான். அதற்குள் எல்லாம் தயாராவது நடக்காத காரியம், முன்பே தயாராக இருப்பவர்கள்தான் அனுப்புகிறார்கள்.

அந்த வருஷத்துக்கான விதிமுறைப் புத்தகத்தை இறக்கி, அச்செடுத்து, பேனாவோடு படியுங்கள். கட்டணம், எத்தனை பிரதி, எந்த வடிவம், எந்த முகவரி ஆகிய நான்கையும் அதிலிருந்து மட்டும் எடுங்கள். போன வருஷம் அனுப்பிய நண்பர் சொன்னார் என்று எதையும் செய்ய வேண்டாம், நான் சொன்னேன் என்றும் செய்ய வேண்டாம்.

இணையத்தில் நிரப்பி முடிப்பதோடு வேலை முடியாது. நிரப்பிய படிவத்தை அச்செடுத்துக் கையெழுத்திட்டு, சான்றிதழ் நகல், உறுதிமொழி, கதைச்சுருக்கம், இயக்குநர் குறிப்பு, படங்கள், படத்தின் பிரதி எல்லாவற்றையும் அனுப்பும் வேலை இருக்கிறது. இணையத்தில் ஒரு கடைசித் தேதி, காகிதம் போய்ச் சேர ஒரு கடைசித் தேதி. இரண்டாவது தேதி நீங்கள் கூரியரில் போட்ட நாள் அல்ல, அவர்கள் கையில் கிடைக்கும் நாள்.

பிரதியைப் பற்றி: டிசிபி, அதாவது தியேட்டரில் ஓட்டுகிற டிஜிட்டல் பிரதி, செய்தால் பூட்டுப் போடாமல் செய்யச் சொல்லுங்கள். சாவிக் கோப்பு தேடிக்கொண்டு யாரும் உங்களுக்கு டெல்லியிலிருந்து போன் செய்யப் போவதில்லை. பென் டிரைவில் ஏற்றியதை உங்கள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் போதாது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில், முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஓட்டிப் பாருங்கள். எங்களுடைய முதல் பென் டிரைவில் 19வது நிமிடத்தில் ஒலி நின்றுபோனது. கடைக்காரத் தம்பிதான், "அண்ணே, இது இப்படித்தான் எடுத்தீங்களா?" என்று கேட்டான்.

அனுப்பும் பார்சலுக்குள் இருப்பவை அனைத்தையும் மேஜையில் பரப்பி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கூரியர் ரசீதையும் அப்படியே.

8. செலவு எவ்வளவு?

படம் எடுத்த செலவு போக, அனுப்புவதற்கு மட்டும் எங்களுக்கு ஆனது இது. சென்சார் கட்டணமும் திரையிடல் செலவும் சேர்த்து ரூ. 9,200. சப்டைட்டில் நிமிடத்துக்கு 300 வீதம் ரூ. 7,500. டிசிபிக்கு ரூ. 6,000. பென் டிரைவ், பிரிண்ட், கூரியர் (சிங்கப்பூர் கூரியரும் சேர்த்து) ரூ. 3,100. ஸ்டாம்ப் பேப்பர், நோட்டரி ரூ. 700. கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு மூன்று முறை போய்வந்தது ரூ. 5,400. ஆக 31,900.

அப்புறம் ஏஜென்டுக்கு ரூ. 15,000. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சென்சார் வேலைக்கு ஏஜென்ட் வைப்பது சினிமாவில் வழக்கம்தான், நல்லவர்களும் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் விண்ணப்பத்தை நிரப்பினார், அவ்வளவுதான். ஆடு இருப்பதைப் படத்தில் பார்த்தவர், என்ஓசி வேண்டும் என்று சொல்லவில்லை. பிறகு கேட்டதற்கு, "நீங்க கேக்கலையே தம்பி" என்றார். ஆங்கிலப் படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால் ஏஜென்ட் வேண்டாம். வைத்தே தீருவது என்றால் பாதிப் பணத்தைச் சான்றிதழ் கைக்கு வந்தபின் கொடுங்கள்.

9. விருது என்ற பெயரில் வரும் அழைப்புகள்

சான்றிதழ் வாங்கிய பிறகு உங்களுக்கு மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் வரத் தொடங்கும். 'தேசிய', 'சர்வதேச', 'இந்திய' என்ற சொற்களை முன்னும் பின்னும் மாற்றிப்போட்டு எத்தனையோ விருதுகள். அனுப்பக் கட்டணம், தேர்வானால் கோப்பைக்குக் கட்டணம், மேடையில் வாங்க வேண்டும் என்றால் இன்னொரு கட்டணம். எனக்கு ஒரே வாரத்தில் இப்படி நான்கு 'விருது' வந்தது. அதில் ஒன்று படத்தின் லிங்க்கைக் கூடக் கேட்கவில்லை.

தாதாசாகேப் பால்கே பெயரில் தனியார் விருதுகள் பல இருக்கின்றன. அரசு தருகிற தாதாசாகேப் பால்கே விருது வாழ்நாள் பங்களிப்புக்கானது. அதற்கு யாரும் விண்ணப்பம் போட முடியாது. 2023க்கான அந்த விருது மோகன்லாலுக்குப் போனது. 25 நிமிடப் படம் எடுத்த உங்களுக்கு அந்தப் பெயரில் அழைப்பு வந்தால், அது எது என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

'ஜூரியில் நமக்கு ஆள் இருக்கு, ஐம்பதாயிரம் கொடுங்க' என்று ஒருவர் என்னிடமும் வந்தார். எந்த வருஷத்து ஜூரி என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை.

10. காத்திருக்கும்போது

நீண்ட காலம் காத்திருக்க வேண்டும், அதற்கேற்ப மற்ற வேலைகளைத் திட்டமிடுங்கள். 2023 ஜனவரியில் சான்றிதழ் வாங்கிய எங்களுக்கு 2025 ஆகஸ்டில்தான் முடிவு தெரிந்தது. விழா அந்த செப்டம்பர் 23 அன்று டெல்லி விஞ்ஞான் பவனில் நடந்தது, குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு வழங்கினார். இடைப்பட்ட இரண்டரை வருஷத்தில் எங்கள் ஒளிப்பதிவாளர் போன் நம்பர் மாற்றினார், ஒலிப்பதிவாளர் வேலைக்காகக் கத்தார் போனார், ஆச்சியாக நடித்தவர் தவறிப்போனார். எல்லாருடைய முகவரியையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சரிபார்த்து வையுங்கள். தேர்வானால் உடனே தொடர்புகொள்ள வேண்டிவரும்.

அந்தச் சான்றிதழ் இந்த ஒரு விருதுக்கு மட்டும் பயன்படுவதில்லை. கோவா விழாவில் இந்தியப் படங்களுக்கான இந்தியன் பனோரமா பகுதியில் கதைப்படம் அல்லாத பிரிவு இருக்கிறது, விழா நவம்பரில் நடக்கும். மும்பை சர்வதேசத் திரைப்பட விழா ஆவணப்படம், குறும்படம், அனிமேஷனுக்கென்றே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நடக்கிறது. பதித்த சப்டைட்டில், உரையாடல் கோப்பு, படங்கள், டிசிபி எல்லாம் ஏற்கெனவே கையில் இருப்பதால் இவற்றுக்கு அனுப்ப ஒரு மாலை நேரம் போதும். யூடியூபில் ஏற்றும் முன் மட்டும் ஒவ்வொரு விழாவின் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள், சில விழாக்கள் இணையத்தில் வந்த படத்தை எடுப்பதில்லை.

எங்கள் அடுத்த படத்தில் ஒரு மாடு வருகிறது. ஷூட்டிங் இன்னும் தொடங்கவில்லை. மாட்டுக்காரரின் சம்மதக் கடிதமும் கால்நடை மருத்துவரின் சான்றும் வாங்கியாயிற்று, பல்லப்கரிலிருந்து பதில் வரவேண்டும். மாமா கையெழுத்துப் போட்ட ஸ்டாம்ப் பேப்பர் பீரோவில் இருக்கிறது.